யானை தோற்ற ஊர்



எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்பே எனக்கு ஒரு யானை தோற்ற கதை தெரியும். உறையூரில் என் பாட்டி வீடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெக்காளியம்மனைப் பார்த்துவிட்டு, அப்படியே பஞ்சவர்ணசுவாமி கோயிலுக்கும் அழைத்துப் போவாள். உள்ளே ஒரு சிறிய புடைப்புச் சிற்பத்தின் முன்னால் என்னை நிறுத்துவாள். ஒரு யானை, அதை எதிர்த்து ஒரு சேவல். "நம்ம ஊர்ச் சேவல்டா, யானையையே விரட்டிடுச்சு" என்பாள். நான் அந்தச் சேவலை விரலால் தொட்டுவிட்டு என் நெற்றியைத் தொட்டுக்கொள்வேன். சாமியை அப்படித் தொட முடியாது. சேவலைத் தொடலாம். அது எட்டும் உயரத்தில் இருந்தது.

இன்றைய உரையின் பொருள் விலங்குச் சிற்பங்கள். கருவறைக்குள் இருப்பவை அல்ல. தூணிலும் சுவரிலும் தெருமுனையிலும் ஆற்றங்கரையிலும் நின்று, போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கிற, தொடுகிற, பிள்ளைகளுக்குக் காட்டிக் கதை சொல்கிற சிற்பங்கள். கல்வெட்டைப் படிக்கப் படிப்பு வேண்டும். இவற்றைப் படிக்கக் கண் போதும். பக்கத்தில் கதை சொல்ல ஒரு பாட்டி இருந்தால் இன்னும் நல்லது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊரைச் சுற்றியுள்ள இத்தகைய சிற்பங்களையும் அவற்றைச் சுற்றிய கதைகளையும் பார்த்தும் கேட்டும் வந்ததில் ஒன்று என் மனத்தில் உறுதிப்பட்டிருக்கிறது. திருச்சி மலைக்கோட்டையைச் சுற்றி நம் மக்கள் சொல்லும் கதைகளில் யானை திரும்பத் திரும்பத் தோற்கிறது. ஏன் தோற்கிறது என்பதைத்தான் உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

முதலில் அந்தச் சேவல். தலபுராணம் சொல்வது இது. சோழ மன்னன் ஒருவன் யானைமேல் வந்துகொண்டிருக்கிறான். யானைக்கு மதம் பிடிக்கிறது. பாகனால் அடக்க முடியவில்லை. எங்கிருந்தோ பறந்து வந்த ஒரு சேவல் அதன் தலையைக் கொத்தி அடக்கிவிட்டு, ஒரு வில்வ மரத்தடியில் மறைகிறது. அங்கே தோண்டிப் பார்த்தால் சிவலிங்கம். இளங்கோவடிகளுக்கும் இந்தக் கதை தெரியும். சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதை முடியும் இடத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் உறையூருக்குள் நுழைகிறார்கள். அங்கே ஊரின் பெயரைச் சொல்லாமல், யானையை வென்ற பறவையின் பெயரால் ஊரைக் குறிக்கிறார். அதில் ஒரு அழகு இருக்கிறது. வெல்லும் பறவைக்கும் தோற்கும் யானைக்கும் ஒரே சொல்லைப் போடுகிறார்: வாரணம். தமிழில் வாரணம் என்றால் யானை. வாரணம் என்றால் கோழியும்தான். முறம்போலக் காது உள்ளது ஒரு வாரணம், சிறகு உள்ளது இன்னொரு வாரணம். சொல்லில் இரண்டும் சமம். களத்தில் மட்டும் சிறியது ஜெயிக்கிறது. உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் இந்த இடத்தில் நின்று கதையை விளக்குகிறார். யானையைக் கோழி வென்ற நிலத்துக்கு ஒரு வலிமை உண்டு என்று கருதித்தான் சோழன் அங்கே நகர் அமைத்தான் என்பது அதன் சாரம்.

உறையூருக்குக் கோழி என்ற பெயர் அதற்கும் முந்தியது. புறநானூற்றில் பிசிராந்தையார், தான் நேரில் பார்த்தே இராத நண்பன் கோப்பெருஞ்சோழனைப் பற்றிப் பாடும்போது, அவன் கோழியில் இருக்கிறான் என்கிறார். இதே பிசிராந்தையாருக்கு யானையைப் பற்றி இன்னொரு பாட்டும் உண்டு. பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்னது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் ஒரு சிறு நிலம்கூட யானைக்குப் பல நாள் வரும்; யானையே வயலுக்குள் புகுந்தால் அது தின்பதைவிட மிதிப்பது அதிகம்; வரி வாங்கும் அரசும் அப்படித்தான். பள்ளியில் நாம் எல்லோரும் படித்த பாட்டு. இந்த இரண்டு பாட்டையும் பாடியது ஒரே புலவர் என்பதை நான் வெகுகாலம் கவனிக்கவில்லை. கவனித்த நாளிலிருந்து உறையூர்ச் சேவல் எனக்கு வேறு மாதிரி தெரியத் தொடங்கியது.

ஆற்றைக் கடந்து திருவானைக்காவுக்குப் போவோம். அங்கே யானையை வெல்வது சிலந்தி. வெண்ணாவல் மரத்தடியில் லிங்கம். மேலே இலைச் சருகு விழக் கூடாதென்று சிலந்தி வலை பின்னுகிறது. யானை காவிரியிலிருந்து துதிக்கையில் நீர் மொண்டுவந்து நீராட்டுகிறது. யானையின் கண்ணுக்கு வலை ஒரு குப்பை, அறுத்துப் போடுகிறது. சிலந்தி மறுபடி பின்னுகிறது. யானை மறுபடி அறுக்கிறது. கடைசியில் சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடிக்க, யானை தும்பிக்கையை நிலத்தில் மோதி மோதி உயிர் விடுகிறது. சிலந்தியும் பிழைக்கவில்லை. இருவருமே பக்தர்கள், இருவரும் செய்தது தொண்டு. ஒருவர் செய்யும் தொண்டு இன்னொருவர் கண்ணுக்குக் குப்பையாகப் படுகிற கொடுமையை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன கதையை நான் படித்ததில்லை. லிங்கத்தின் மேல் யானை நீர் சொரிய, மேலே சிலந்தி தொங்கும் சிற்பத்தை ஆனைக்காவில் மட்டுமல்ல, சோழநாட்டுக் கோயில் பலவற்றிலும் காணலாம். சிற்பிக்கு அதில் ஒரு சிக்கல் உண்டு. யானையை அதன் அளவில் வைத்தால் சிலந்தி கண்ணுக்கே தெரியாது. ஆகவே சிலந்தியைப் பெரிதாக்கிவிடுகிறான். கல்லில் அவை ஏறக்குறைய சம எடை.

அந்தச் சிலந்திதான் அடுத்த பிறவியில் கோச்செங்கட் சோழன் ஆகிறது. தாய் கமலவதி. நல்ல வேளை வருவதற்காகத் தன்னைத் தலைகீழாகத் தொங்கவிடச் சொல்லிப் பிரசவத்தைத் தள்ளிப்போட்டாள். அதனால் சிவந்த கண்ணோடு பிள்ளை பிறந்தது என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. அரசனான பிறகும் சிலந்திக்கு யானைமேல் இருந்த பகை போகவில்லை என்று மக்கள் சொல்கிறார்கள். யானை ஏற முடியாத உயர்ந்த தளம், யானை நுழைய முடியாத குறுகிய படி என்று கோயில்களைக் கட்டினான். அவைதான் மாடக்கோயில்கள். அவன் கட்டியவை எழுபது என்று திருமங்கையாழ்வார் திருநறையூர்ப் பதிகத்தில் குறிப்பிடுகிறார். சைவ நாயன்மாராகிய ஒரு சோழனை வைணவ ஆழ்வார் புகழும் இடம் அது.

கட்டடக் கலை அறிஞர்கள் மாடக்கோயிலுக்கு வேறு காரணம் சொல்வார்கள். காவிரி வெள்ளத்திலிருந்து தப்ப உயரமான தளம் தேவைப்பட்டது என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மக்கள் வெள்ளத்தை விட்டுவிட்டு யானையைப் பிடித்துக்கொண்டார்களே, அதற்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும் அல்லவா? களவழி நாற்பதை எடுத்துப் பாருங்கள். இதே கோச்செங்கணான் சேரன் கணைக்காலிரும்பொறையோடு கழுமலத்தில் செய்த போரைப் பொய்கையார் பாடியது. அதில் யானை இல்லாத பாட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பாட்டுக்குப் பாட்டு யானைகள் வெட்டுண்டு விழுகின்றன. அந்த நூலை இரவில் ஒரே மூச்சில் படிக்காதீர்கள் என்று என் மாணவர்களிடம் சொல்வதுண்டு. புலவர் கண்ட களத்தையும் மக்கள் சொன்ன சிலந்திக் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இவன் யானைகளை வீழ்த்திய அரசன் என்ற நினைவு இரண்டு வழியாக நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஒன்று ஏட்டு வழி, இன்னொன்று கல் வழி.

யானை புக முடியாதென்று சொல்லப்படும் அந்த ஆனைக்காவில் இன்று யானை வளர்கிறது. பிள்ளைகள் அதன் துதிக்கையில் காசு வைக்கிறார்கள். அது தலையைத் தொட்டு ஆசி தருகிறது. அங்கேயே தூணில் சிலந்தியும் இருக்கிறது. பகை தீர்ந்துவிட்டது என்றே கொள்ளலாம்.

மலைமேல் ஏறினால் உச்சிப்பிள்ளையார். அவரை விலங்குச் சிற்பம் என்று சொல்லத் துணிய மாட்டேன். ஆனால் யானை முகம் இருக்கிறதே. இலங்கைக்கு அரங்கநாதரை எடுத்துச் செல்லும் வீடணனைக் காவிரிக் கரையில் மாட்டுக்காரப் பையனாக வந்து ஏமாற்றி, விமானத்தைத் தரையில் வைத்துவிட்டு, பிள்ளையார் மலைமேல் ஓடிவிடுகிறார். துரத்தி வந்த வீடணன் நெற்றியில் ஒரு குட்டு வைக்கிறான். அந்தக் குட்டு விழுந்த பள்ளம் இன்னும் இருக்கிறது என்று காட்டுகிறார்கள். திருவரங்கம் திருவரங்கமாக இருப்பதற்கு யானைமுகத்தான் வாங்கிய அடி காரணம். இங்கே அடிபட்டவர் தோற்கவில்லை, அடி வாங்கி ஊரையே நமக்குப் பெற்றுத் தந்துவிட்டார்.

சித்திரா பௌர்ணமி அன்று திருவரங்கத்து உற்சவர் நம்பெருமாள் காவிரிக் கரையிலுள்ள அம்மா மண்டபத்துக்கு எழுந்தருள, கஜேந்திர மோட்சம் நடக்கிறது. அங்கேயும் தண்ணீருக்குள் முதலை பிடித்த யானை தன் பலத்தால் மீள முடியாமல், பலத்தை விட்ட பிறகே மீள்கிறது. இந்த வரிசையில் சேராத யானை ஒன்று உண்டு. அதையும் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. கல்லணையில் யானைமேல் கம்பீரமாக அமர்ந்திருக்கிறான் கரிகாலன். அந்தச் சிலையைப் பார்க்கிற பலருக்கும் அவன் அணை கட்டியவன் என்பது தெரியும். அவனை அரசனாக்கியதே ஒரு யானைதான் என்பது தெரியாது. கழுமலத்தில் கட்டியிருந்த பட்டத்து யானை, கருவூரில் மறைந்து வாழ்ந்த இளைஞனைத் தேடிப்போய்த் தன் பிடரியில் ஏற்றிக்கொண்டு வந்ததாகப் பழமொழி நானூறு சொல்கிறது. யானை தானாக ஒருவனைத் தேர்ந்தெடுத்து வணங்கும்போது தோற்பதில்லை. அரசனின் ஏவலில் வரும்போதும் மதத்தில் வரும்போதும்தான் தோற்கிறது.

இப்போது என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். உறையூர் தலைநகரம். தலைநகரம் என்றால் யானைக் கொட்டில். பழந்தமிழ் நாட்டில் யானைதான் அரசு. கோட்டைக் கதவை உடைப்பது அது, ஊர்வலத்தில் முன்னே வருவது அது, பகைவன் வயலை மிதித்து அழிப்பதும் அதுதான். நெசவு செய்பவரும் நாற்று நடுபவரும் அதை எதிர்த்து எதுவும் சொல்ல முடியாது. சொல்ல முடியாததைத் தங்கள் முற்றத்தில் மேயும் கோழியிடமும் கூரையில் வலை கட்டும் சிலந்தியிடமும் ஒப்படைத்தார்கள். அரசன் பெருமையைச் சொல்லக் கல்வெட்டு இருந்தது. மற்றவர்கள் நினைவைச் சொல்ல இந்த விலங்குகள் இருந்தன. இது என் வாசிப்பு. இதை மறுக்கிறவர்கள் மறுக்கட்டும். ஆனால் அந்தச் சிற்பங்களை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு மறுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

விலங்குச் சிற்பத்தில் எளியவர்கள் தங்கள் வழக்கை எழுதி வைப்பது நம் நாட்டில் மட்டும் நடந்ததன்று. லண்டனில் பாட்டர்சீ என்ற உழைப்பாளர் பகுதியில் 1906ஆம் ஆண்டு ஒரு பழுப்பு நிற நாய்க்குச் சிலை வைத்தார்கள். 1903இல் மருத்துவக் கல்லூரி வகுப்பறையில் உயிரோடு அறுக்கப்பட்ட நாய் அது. சிலையின் கீழே எழுதியிருந்த வாசகம் மருத்துவ மாணவர்களுக்குப் பொறுக்கவில்லை. 1907இல் ஊர்வலமாக வந்து கலகம் செய்தார்கள். தொழிலாளர்களும் பெண் வாக்குரிமைப் போராளிகளும் நாய்க்கு ஆதரவாக நின்றார்கள். காவலுக்குப் போலீஸ் போட்டுப் போட்டுச் சலித்த நகரசபை, 1910 மார்ச் மாதம் ஒரு இரவில் 120 போலீசார் காவலோடு அந்தச் சிலையை அகற்றியது. ஒரு நாயின் சிலையை எடுக்க அத்தனை பேர். 1985இல் அதே பகுதிப் பூங்காவில் புதிதாக ஒரு நாய் சிலை நிறுவப்பட்டது. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள அந்த நாய்க்கும் நம் உறையூர்ச் சேவலுக்கும் உறவு உண்டென்று நான் நம்புகிறேன்.

யானையை விட்டுக் குதிரைக்கு வருவோம். திருவரங்கத்தில் சேஷராயர் மண்டபம். வெள்ளைக் கோபுரத்துப் பக்கம், ஆயிரங்கால் மண்டபத்தை ஒட்டிய பகுதியில், நாயக்கர் காலத்துக் குதிரைகள் வரிசையாக முன்னங்கால் தூக்கி நிற்கின்றன. முதன்முதல் பார்க்கிறவர்கள் எட்ட நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கிட்டே போக வேண்டும். குதிரையின் பின்னங்கால் இரண்டும் தரையில், முழு உடலும் காற்றில். தூணும் குதிரையும் வீரனும் ஒரே கல். கடிவாளம் இழுபட்டு வாய் திறந்திருக்கிறது. கழுத்துத் தசை முறுக்கேறியிருக்கிறது. மேலே வீரன் ஈட்டியை ஓங்குகிறான். கீழே பாயும் புலி. குதிரையின் வயிற்றுக்கு அடியில், அந்தக் குளம்புகள் எப்போது இறங்குமோ என்கிற இடத்தில், கேடயத்தோடு காலாட்கள் நிற்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பாருங்கள். குதிரைமேல் இருப்பவனைவிட அவர்கள்தான் அதிகம் உழைக்கிறார்கள்.

யானைகள் நம் காட்டில் பிறந்தவை. குதிரை அப்படியல்ல. காசு கொடுத்துக் கடல் கடந்து வாங்கியது. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் பேசப்படுகிறார்கள். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன அமைச்சர்தான் திருப்பெருந்துறையில் கையிலிருந்த பொன்னையெல்லாம் கோயிலுக்குச் செலவிட்டு மாணிக்கவாசகர் ஆனார். நரி பரியான கதை குதிரைக்கு நாம் கொடுத்த விலையின் கதை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே குதிரைக்குச் சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துக் கொடுக்கிறார்கள், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை, அதனால் வாங்கிய குதிரைகள் செத்துப்போகின்றன, மறுபடி மறுபடி வாங்குகிறார்கள் என்று எழுதிவைத்தார்.

விஜயநகரக் காலத்தில் இது இன்னும் முற்றியது. பெர்னாவ் நூனிஸ் என்ற போர்த்துகீசியர் தாமே குதிரை வியாபாரி. பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரத்தில் தங்கியவர். சாளுவ நரசிம்மரைப் பற்றி அவர் தரும் செய்தி ஒன்றை மறக்கவே முடியாது. ஓர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் வரும் குதிரைகளுக்கு அரசர் உயிரோடு வந்தாலும் செத்தாலும் ஒரே விலை கொடுத்தாராம். நடுக்கடலில் செத்த குதிரைக்கு அதன் வாலை மட்டும் அறுத்துக் கொண்டுவந்து காட்டினால் போதும், முழு விலையும் உண்டு. அப்படியாவது வியாபாரிகள் நம்மிடமே வரட்டும் என்ற தவிப்பு. சேஷராயர் மண்டபத்துக் குதிரைகள் முன் நிற்கும்போதெல்லாம், மரக்கலத்தில் மூட்டை கட்டி வந்த அந்த வால்கள் எனக்கு நினைவுக்கு வருகின்றன. இந்தக் கல் குதிரைகளில் இருக்கும் பெருமிதத்துக்குள், அரபிக் கடலின் அடியில் கிடக்கும் குதிரைகளும் இருக்கின்றன. அவற்றின் விலை எந்த நெல்வயலின் வரியிலிருந்து வந்தது என்ற கேள்வியும் அதே தூணுக்கு அடியில், அந்தக் காலாள் முகத்தில் இருக்கிறது.

சென்னைக்குப் போய் வருகிறவர்கள் இரண்டு குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். தீவுத்திடல் அருகே 1839 முதல் நிற்கிற சர் தாமஸ் மன்றோவின் குதிரை ஒன்று. அதற்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டான், பிறகு நினைவு வந்து தற்கொலை செய்துகொண்டான் என்று ஒரு கதை வெகுகாலமாக உலவுகிறது. அதைச் செய்த பிரான்சிஸ் சான்ட்ரே அப்படிச் சாகவில்லை. லண்டன் டிராபல்கர் சதுக்கத்தில் அவர் செய்த நான்காம் ஜார்ஜ் மன்னர் சிலையிலும் குதிரைக்குச் சேணம் கிடையாது. தெரிந்தே செய்தது. ஆனாலும் கதை பொய் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கவர்னர் சிலையைப் பார்த்த நம் மக்கள் கவர்னரைப் பார்க்கவில்லை. கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்று பார்த்தார்கள், அதைச் செய்த தொழிலாளி என்ன ஆனான் என்று கவலைப்பட்டார்கள். இன்னொன்று, ஜெமினி மேம்பாலத்துக் குதிரை. திமிறும் குதிரையை ஒருவன் இழுத்துப் பிடித்திருப்பான். 1974இல் கலைஞர் அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்ததன் நினைவு. 1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமைக்குரிய விளையாட்டுத்தான் என்று சொல்லிவிட்டது. கிண்டியில் பந்தயம் ஓடியது. பாலத்தடியில் அந்த மனிதன் பிடியை விடவில்லை. பேருந்தில் போகும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், குதிரையை ஏன் பிடித்திருக்கிறான் என்று. ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதுவும் சேகரிக்க வேண்டியதுதான்.

எனக்கு மிக நெருக்கமானவை மண் குதிரைகள். நம் ஊரிலிருந்து புதுக்கோட்டைப் பக்கம் போனால் ஏரிக்கரைகளில், புளியந்தோப்புகளில் வரிசை வரிசையாக நிற்கின்றன. குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் குதிரை சுமார் 33 அடி உயரம். மாசி மகத்தன்று காகிதப் பூமாலைகள் விழுந்து விழுந்து குதிரையே மறைந்துபோகும். ஆனால் என் மனசுக்குப் பிடித்தவை ஆளுயரக் குதிரைகள், மண்பாண்டம் செய்யும் வேளார்கள் ஆண்டுதோறும் புரவி எடுப்புத் திருவிழாவுக்குச் செய்பவை.

ஒரு கோடையில் பத்து நாள் ஒரு வேளார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் ஊர்ப் பெரியவர்கள் வந்து பிடிமண் கொடுத்தார்கள். ஒரு கைப்பிடி மண்தான். அதோடுதான் வேலை தொடங்குகிறது. களிமண்ணில் மணலும் உமியும் சேர்த்து மிதித்தார்கள். வேளார் வீட்டுப் பெரியவர் முதலில் நான்கு கால்களைச் செய்தார். உள்ளே கூடாக, குழாய் மாதிரி. அவற்றை நிறுத்தி நிழலில் காயவிட்டார். மறுநாள் கால்களின் மேல் வயிற்றைக் கட்டினார். மண்ணைத் திரித்துத் திரித்து வைத்து, உள்ளே ஒரு கையும் வெளியே மரப்பலகையுமாகத் தட்டிக்கொண்டே போனார். ஈரம் கூடினால் வயிறு இறங்கிவிடும். காய்ந்துபோனால் அடுத்த சுற்று ஒட்டாது. அவர் கடிகாரம் பார்க்கவில்லை. புறங்கையை மண்ணின் மேல் வைத்துப் பார்ப்பார், அவ்வளவுதான். கழுத்தும் தலையும் கடைசி. கழுத்தில் மணி மணியாக மண் உருண்டைகளை ஒட்டியவர் அவருடைய மனைவி. வைக்கோலும் வறட்டியும் போட்டுச் சுட்டார்கள். திருவிழா அன்று தலையில் துண்டைச் சுற்றி ஊரே தூக்கிக்கொண்டு போய் அய்யனார் முன்னால் இறக்கியது. கண் திறந்த பிறகுதான் அது குதிரை, அதுவரை மண்.

போன வருஷத்துக் குதிரைகள் பக்கத்திலேயே காது உடைந்து, கால் சரிந்து கிடந்தன. முந்தின வருஷத்தவை பாதி மண்ணுக்குள். யாரும் அவற்றை ஒட்டிச் சரிசெய்வதில்லை. சில நகரத்து அன்பர்கள் வந்து பழையவற்றை வேனில் ஏற்றிக்கொண்டு போகக் கேட்டார்களாம், பெரியவர் மறுத்துவிட்டார். அது ஓட வேண்டிய ஓட்டத்தை ஓடிவிட்டது, இந்த மண்ணிலேயே கிடக்கட்டும் என்றார். சேஷராயர் மண்டபத்துக் குதிரை அரசர் வாங்கிய குதிரையின் உருவம். இது ஊர் தானே பெற்ற குதிரை. இதற்கு வால் அறுத்துக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. மழையிலும் வெயிலிலும் உடைந்து மெல்ல மெல்ல மண்ணுக்குள் போய்விடுகிறது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிற்பங்களைப் படம் பிடிக்க இன்று ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அளவெடுக்கவும் காலம் கணிக்கவும் தொல்லியல் துறை இருக்கிறது. சிற்பத்தின் கீழே உட்கார்ந்து பூ விற்பவர், செருப்புப் பார்ப்பவர், சுண்டல் விற்பவர் இவர்களிடம் போய் அந்த விலங்கின் கதையைக் கேட்டு எழுதிக்கொள்ள இப்போது ஆள் இல்லை. பேச்சுமொழியிலேயே எழுதுங்கள். கேட்ட தேதியையும் இடத்தையும் போடுங்கள். புராணத்தோடு ஒத்துவரவில்லையே என்று திருத்தாதீர்கள்.

இந்த உரையை எழுதி முடித்த பிறகு, போன வாரம் உறையூருக்குப் போனேன். பஞ்சவர்ணசுவாமி என்கிற ஐவண்ணநாதர் சன்னிதித் தெருவில் வயதான ஒரு அம்மா பூக் கட்டிக்கொண்டிருந்தார். யானையை விரட்டிய சேவல் கதை தெரியுமா என்று கேட்டேன். மடியில் இருந்த மல்லிகையை ஒதுக்கிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சேவல்னு யாரு சொன்னது? எங்க மாமியார் சொல்லுவாங்க, அது பொட்டைக்கோழி. குஞ்சுங்களைக் கூட்டிக்கிட்டு மேஞ்சுட்டிருந்துச்சு. யானை குஞ்சை மிதிக்க வந்துச்சு. தாய்க்கோழி சும்மா இருக்குமா? குஞ்சு இல்லாட்டி அது ஏன் யானைகிட்டப் போகப் போவுது?"

எல்லோரும் சேவல் என்றுதானே சொல்கிறார்கள் என்றேன்.

அவர் நாரை எடுத்து அடுத்த முடிச்சைப் போட்டபடி சொன்னார்: "ஊருக்குப் பேரு கோழியூர்தானே ஐயா, சேவலூரா?"